ஐந்து பெட்டி, ஒரு டிவி: செங்கோட்டை வீட்டு ஹோம் தியேட்டர்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் வரை, மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடுகளில் ஹோம் தியேட்டர் பொருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. இங்கே இதற்குப் பணம் போடுகிறவர்களில் நிறையப் பேர் வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள். லீவுக்கு வரும்போதெல்லாம் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து சேர்த்திருப்பார்கள். ஒரு தடவை ரிசீவர் (சத்தத்தைப் பிரித்து எல்லா ஸ்பீக்கருக்கும் கொடுக்கும் பெட்டி), அடுத்த தடவை டிஸ்க் பிளேயர், பையன் பத்தாவது பாஸானதும் பிளேஸ்டேஷன். தனியாக டிவியில் செருகிப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஜோராக ஓடும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்த பிறகுதான் வம்பு. படம் வரும், சத்தம் வராது. சத்தம் வரும், படம் இரண்டு விநாடிக்கு ஒருமுறை கறுப்பாகிப் போகும். யாரோ டிவியை அணைத்தால் பக்கத்து அலமாரியில் வேறு ஏதோ ஒன்று தானாக எழுந்து உட்காரும்.

பெட்டிகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எந்தப் பெட்டியின் படம் எந்த வழியாகப் போகிறது, அதன் சத்தத்தை யார் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்று முன்கூட்டி முடிவு செய்யாததுதான் கோளாறு. இதை ஒரு வீட்டை வைத்தே சொல்கிறேன். அது என் அக்கா வீடு. அத்தான் துபாயிலிருந்து வேலையை முடித்துக்கொண்டு செங்கோட்டைக்கே வந்துவிட்டார். மாடியில் ஒரு அறையை இதற்கென்றே ஒதுக்கியிருந்தார். 65 அங்குல ஓலெட் டிவி. ஏழு சேனல் ரிசீவர். 4கே டிஸ்க் பிளேயர். ஹார்ட் டிஸ்கில் இருப்பதைப் பார்க்க என்விடியா ஷீல்டு. கேம் ஆட பையனுக்கு பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கன்சோல், சின்னவளுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல். இவற்றோடு டிடிஎச் பெட்டி ஒன்று.

"மாப்ள, எல்லாத்தையும் ரிசீவர்ல சொருகிரு. ஒரே வயரு டிவிக்குப் போகட்டும். அதுக்குத்தான காசு குடுத்து வாங்கிருக்கேன்" என்றார் அத்தான்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ரிசீவரின் வேலையே அதுதான். ஆனால் அவர் வைத்திருந்த ரிசீவரின் எச்டிஎம்ஐ (படமும் சத்தமும் ஒரே வயரில் போகும் இணைப்பு), விநாடிக்கு 18 ஜிகாபிட் மட்டுமே கடத்தக்கூடிய 2.0 தலைமுறை. அதில் 4கே படம் 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 தடவை) வரைதான் போகும். பிஎஸ்5 தன் எச்டிஎம்ஐ வழியாக 32 ஜிகாபிட் வரை தள்ளக்கூடியது. 4கே-யில் 120 ஹெர்ட்ஸ் கொடுக்கும். அதை இந்த ரிசீவர் வழியாக விட்டால் பாதி வேகத்தை வாசலிலேயே பறிகொடுத்த மாதிரி. அதனால் பிஎஸ்5 நேராக டிவிக்கு. டிவியிலிருந்து சத்தம் மட்டும் இ-ஆர்க் வழியாக, அதாவது ரிசீவரையும் டிவியையும் இணைக்கும் அதே எச்டிஎம்ஐ வயரில், ரிசீவருக்குத் திரும்பி வரும்.

இங்கேதான் டிவியின் முதுகைக் கவனித்துப் பார்க்க வேண்டும். அத்தானின் டிவியில் நான்கு எச்டிஎம்ஐ வாய். அவற்றில் 120 ஹெர்ட்ஸ் வாங்குபவை மூன்றாவதும் நான்காவதும் மட்டும். அந்த மூன்றாவதுதான் இ-ஆர்க் வாயும்கூட. அப்படியானால் ரிசீவருக்கு மூன்று, பிஎஸ்5-க்கு நான்கு. அதோடு கணக்கு தீர்ந்தது. நாளைக்கு 120 ஹெர்ட்ஸ் கொடுக்கும் இன்னொரு கன்சோல் வந்தால் அதற்கு இடமில்லை. டிவி வாங்கும்போது கடையில் 'எச்டிஎம்ஐ 2.1 இருக்கு சார்' என்பார்கள். எத்தனை வாயில் இருக்கிறது, அதில் ஒன்று இ-ஆர்க்கோடு சேர்ந்ததா என்று கேளுங்கள். பலர் கேட்பதில்லை.

வாயில் செருகியதோடு வேலை முடியாது. பெரும்பாலான டிவிகளில் ஒவ்வொரு வாய்க்கும் தனியாக ஒரு அமைப்பு இருக்கும். 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்', 'டீப் கலர்' என்று கம்பெனிக்கு ஒரு பெயர். பல மாடல்களில் அது பெட்டியிலிருந்து எடுக்கும்போது அணைந்தே இருக்கும். அதை இயக்காவிட்டால் பிஎஸ்5 பழைய டிவியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஓடும். இயக்கிய பிறகு பிஎஸ்5-இன் திரை அமைப்புக்குள் போய் வீடியோ அவுட்புட் தகவலைப் பார்த்தால் இப்போது எவ்வளவு போகிறது என்று எழுதியே காட்டும். பையனை அங்கே உட்கார வைத்து அதைப் படிக்கச் சொன்னேன். அடுத்த தடவை கோளாறு வந்தால் எனக்கு முன்னால் அவன் பார்த்துவிடுவான்.

அவனுக்கு வேறொரு குறை இருந்தது. "மாமா, கிரிக்கெட் கேம்ல பட்டனை அமுக்குன பெறகு மட்டை லேட்டா திரும்புது." இது கன்சோல் கோளாறு இல்லை. டிவி படத்தை மினுக்க எடுத்துக்கொள்ளும் நேரம். கேம் மோடு போட்டால் அந்த மினுக்கு வேலையெல்லாம் நிற்கும், தாமதம் குறையும். ஏஎல்எல்எம் இருக்கும் டிவியாக இருந்தால் கன்சோல் கேம் தொடங்கியதும் டிவி தானே அந்த மோடுக்குப் போய்விடும். அத்தான் வீட்டில் அது அணைத்துக் கிடந்தது. கேம் மோடில் படம் கொஞ்சம் வெளிறித் தெரிந்ததால் யாரோ அணைத்திருக்கிறார்கள். அந்த வெளிறலை ஹெச்டிஆர் (படத்தின் வெளிச்ச-இருட்டு வீச்சு) அளவுகளைக் கன்சோலிலேயே ஒருமுறை சரிசெய்து குறைக்கலாம்.

சத்தத்துக்கு வருவோம். ஆர்க் என்பதும் இ-ஆர்க் என்பதும் ஒரே வாயில் இருந்தாலும் ஒன்றல்ல. 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்த ஆர்க் குறுகலான சந்து. அதில் டால்பி டிஜிட்டல், டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய ஒலி வடிவங்கள் போகும். ஆப்களில் வரும் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் தரும் ஒலி) பெரும்பாலும் டிஜிட்டல் பிளஸ்ஸில் பொதிந்து வருவதுதான். ஆகவே ஆப் பார்ப்பதற்கு மட்டும் என்றால் ஆர்க்கே போதும், அதற்காகப் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். டிஸ்கில் இருக்கும் ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ என்ற தரம் குறையாத ஒலி வடிவங்கள், கன்சோல் கொடுக்கும் பல சேனல் பிசிஎம் (சுருக்காத ஒலி) ஆகியவற்றுக்கு இ-ஆர்க் வேண்டும். அத்தான் ரிசீவர் 18 ஜிகாபிட் ஆனாலும் இ-ஆர்க் இருந்தது. அது இல்லாத ரிசீவரை வைத்திருப்பவர்கள் பிஎஸ்5-இல் ஒலி வடிவத்தை டால்பி என்று மாற்றிவிடுங்கள். பிசிஎம் என்றே விட்டால் ஆர்க் வழியாக இரண்டு சேனல்தான் வந்து சேரும். பின்னால் இருக்கும் ஸ்பீக்கர்கள் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

டிஸ்க் பிளேயரும் ஷீல்டும் ரிசீவருக்குத்தான் போக வேண்டும், டிவிக்குப் போகக் கூடாது. இவை சினிமாவுக்கானவை, 60 ஹெர்ட்ஸுக்கு மேல் தேவையில்லை. இன்னொரு காரணமும் உண்டு. 2018 முதல் சாம்சங் டிவிகளும், 2020 முதல் 2022 வரை வந்த எல்ஜி டிவிகளும் டிடிஎஸ் ஒலி வடிவத்தைக் கையாளும் வசதி இல்லாமல் வந்தன. அப்படிப்பட்ட டிவி வழியாக டிடிஎஸ் டிஸ்கை ஓட்டினால் ஊமைப்படம் ஆகிவிடலாம். நேராக ரிசீவரில் செருகினால் டிவிக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அப்படிச் செருகிய பிறகும் அத்தான் வீட்டு ரிசீவரின் முகப்பில் 'அட்மாஸ்' என்று எழுத்து வரவில்லை. வெறும் டால்பி டிஜிட்டல் என்றே காட்டிக்கொண்டிருந்தது. அவர் ரிசீவரைச் சந்தேகப்பட்டார், கேபிளைச் சந்தேகப்பட்டார். காரணம் டிஸ்க் பிளேயரின் மெனுவுக்குள் இருந்த ஒரே ஒரு வரி: இரண்டாம் நிலை ஒலி, அதாவது செகண்டரி ஆடியோ. டிஸ்க் மெனுவில் பட்டனை நகர்த்தும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வருமே, அதைப் படத்தின் ஒலியோடு கலப்பதற்காகப் பிளேயர் முழு ஒலித்தடத்தையும் பிரித்துச் சாதாரண டால்பியாக மறுபடி கட்டி அனுப்பும். அதை அணைத்து, ஒலி வெளியீட்டை பிட்ஸ்ட்ரீம் (பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) என்று வைத்ததும் எழுத்து வந்துவிட்டது. தலைக்கு மேல் வைத்த இரண்டு ஸ்பீக்கரும் முதல்முறையாக வேலை செய்தன. அத்தான் எழுந்து நின்று மேலே பார்த்தார், அங்கே என்ன தெரியப்போகிறது என்று தெரியவில்லை.

பிஎஸ்5-இலேயே 4கே டிஸ்க் ஓடும்போது தனிப் பிளேயர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டிஸ்க் வாய் உள்ள பிஎஸ்5-இல் ஓடும், உண்மைதான். ஆனால் அதில் டால்பி விஷன் என்ற ஹெச்டிஆர் வகை கிடையாது, ஹெச்டிஆர்10 மட்டும். ஆடியோ சிடி போடவே முடியாது. 3டி ப்ளூ-ரேயும் இல்லை. டிஸ்க் நிறைய வைத்திருப்பவருக்குத் தனிப் பிளேயர்தான் சரி. வருடத்துக்கு நான்கு படம் பார்ப்பவருக்குக் கன்சோலே போதும் என்றுதான் நான் சொல்லுவேன். வியாபாரம் போனாலும் பரவாயில்லை.

வளைகுடாப் பெட்டிகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. டிவிடியில் நம் நாடு 5-ஆம் மண்டலம், வளைகுடா 2. ப்ளூ-ரேயில் நாம் சி, அவர்கள் பி. அத்தான் அங்கே வாங்கிய பழைய ப்ளூ-ரே டிஸ்குகளைத் தென்காசியில் வாங்கிய பிஎஸ்5-இல் போட்டால் மண்டலம் சரியில்லை என்று துப்பிவிடும். அதே டிஸ்க் அவர் துபாயிலிருந்து கொண்டுவந்த பிளேயரில் ஓடும். 4கே டிஸ்குகளுக்கு மட்டும் இந்த மண்டலத் தொல்லை இல்லை. ஆகவே ஊருக்கு வருகிறவர்கள் பழைய டிஸ்குகள் நிறைய வைத்திருந்தால் பிளேயரையும் அங்கேயே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். வாரன்டி இங்கே செல்லாது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பிளக்கையும் சொல்லிவிடுகிறேன். அங்கே தட்டைக் கால் மூன்று பின். இங்கே வந்ததும் எல்லோரும் ஐம்பது ரூபாய் அடாப்டரில் செருகி ஓட்டுவார்கள். அந்த அடாப்டர்களில் நிறைய எர்த் இணைப்பே இல்லாதவை, அல்லது லொடலொடவென்று ஆடி உள்ளே பொறி தட்டுபவை. ரிசீவரின் பவர் கார்டு பின்பக்கம் கழற்றக்கூடியதாக இருந்தால் நம் ஊர் பிளக் உள்ள கார்டை வாங்கி மாற்றிவிடுங்கள், தீர்ந்தது. அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்த ரிசீவர் என்றால் பின்னால் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். கன்சோலில் 100-240 வோல்ட் என்று இருக்கும், பிழைக்கும். ரிசீவரில் 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம் 230-இல் செருகிய மறுகணம் அதன் கதை முடிந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் அத்தானுக்கும் பையனுக்கும். அந்த வீட்டில் டிவியை அதிகம் பார்ப்பவர் அவர்கள் இரண்டு பேரும் இல்லை, அத்தானின் அம்மா. அத்தைக்குப் பிறந்த ஊர் ஆரியங்காவு. சாயங்காலமானால் மலையாள சீரியல், அப்புறம் தமிழ் சீரியல். "எனக்கு ஒரு பட்டன அமுக்குனா படம் வரணும்யா. ஒங்க வெடிச்சத்தம்லாம் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

டிடிஎச் பெட்டியை ரிசீவரில் செருகினால் அத்தைக்கு மூன்று ரிமோட் தேவைப்படும், சீரியல் பார்க்க ரிசீவரும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். அதனால் டிடிஎச்சை நேராக டிவியின் முதல் வாயில் செருகினேன். டிவி ஸ்பீக்கரே போதும். டிவி எழும்போது அந்த வாயிலேயே எழும்படி வைத்தேன்.

பிறகுதான் சிஇசி சண்டை வந்தது. எச்டிஎம்ஐ கம்பி வழியாகவே ஒரு பெட்டி இன்னொன்றை எழுப்பவும் அணைக்கவும் உள்ள ஏற்பாடு அது. சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. எல்லாம் ஒன்றுதான். நன்றாக வேலை செய்தால் இதைவிட வசதி வேறில்லை. அத்தை டிவியைப் போட்டதும் ரிசீவர் கூடவே எழுந்து, சத்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முந்தைய நாள் அத்தான் வைத்த அளவில் சீரியல் மாமியாரை வீடு அதிர அழ வைத்தது. அத்தை பயந்துபோய் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார்.

சிஇசியை மொத்தமாக அணைத்துவிடலாம். ஆனால் இ-ஆர்க் சில பெட்டிகளில் அதைச் சார்ந்தே இருக்கும். பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிலும் இன்ஃப்ராரெட் கண் கிடையாது என்பதால் டிவி ரிமோட்டால் அவற்றை எழுப்ப சிஇசிதான் வழி. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் அந்தக் கண் உண்டு, சாதாரண யுனிவர்சல் ரிமோட்டுக்கு அது கட்டுப்படும். ஆகவே நான் செய்வது, ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே போய் எந்தெந்தக் கட்டளை வேண்டும் என்று பிரித்து வைப்பது. பிஎஸ்5-இல் தொட்டதும் டிவி எழுவது ஒரு அமைப்பு, டிவி அணைந்ததும் தானும் தூங்குவது இன்னொரு அமைப்பு, இரண்டையும் வைத்துக்கொண்டேன். டிஸ்க் பிளேயரில் முழுவதும் அணைத்தேன். ரிசீவரில் 'டிவி எழுந்தால் நானும் எழுவேன்' என்பதை அணைத்து, 'டிவி அணைந்தால் நானும் அணைவேன்' என்பதை வைத்தேன். அதோடு ரிசீவர் எழும்போது எப்போதும் ஒரு குறைந்த அளவிலேயே எழும்படி வைத்தேன்; பெரும்பாலான ரிசீவர்களில் அந்த வசதி இருக்கிறது.

பெட்டிகள் அதிகமுள்ள வீட்டில் சிஇசி கிறுக்குப் பிடித்ததுபோல் நடந்துகொள்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. பழைய சிஇசி விதிப்படி பிளேயர் வகைப் பெட்டிகளுக்கு மூன்று முகவரிதான். கன்சோலும் பிளேயர்தான், ஷீல்டும் பிளேயர்தான், டிஸ்க் பிளேயரும் அதேதான். நான்காவதாக ஸ்விட்சோ டிவியில் செருகும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோ வந்தால் அதற்கு முகவரி கிடைக்காது. முதலில் எழுந்தது முகவரியைப் பிடித்துக்கொள்ளும், கடைசியில் எழுந்தது அநாதை. நேற்று வேலை செய்த பட்டன் இன்றைக்கு வேலை செய்யாததற்கு இதுதான் காரணமாக இருக்கும். தேவையில்லாத பெட்டிகளில் சிஇசியை அணைத்தாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

ஷீல்டில் நான் செய்த ஒரு திருத்தத்தைத்தான் அக்கா இன்றைக்கும் பேசுகிறாள். ஹார்ட் டிஸ்கில் அவர்கள் கல்யாண வீடியோ இருந்தது. குற்றாலத்தில் கல்யாணம், சாரல் காலம். மாப்பிள்ளை அழைப்பில் கேமரா இடமிருந்து வலமாக நகரும்போது ஊர்வலம் முழுவதும் நொண்டியடித்துக்கொண்டு போனது. மேளக்காரர் கை துண்டு துண்டாகத் தெரிந்தது. டிவி பெரிசாகப் பெரிசாக இது கண்ணை உறுத்தும். 'டேப்லேருந்து ஏத்தும்போது கெட்டுப்போச்சு' என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள்.

வீடியோவில் பழுது இல்லை. நம் நாட்டில் கல்யாண வீடியோ, டிவி ஒளிபரப்பு எல்லாம் விநாடிக்கு 25 ஃப்ரேம் அல்லது 50 ஃபீல்டு (பாதி ஃப்ரேம்) கணக்கில் வந்தவை. சினிமா 24. ஷீல்டு, ஸ்டிக், ஆப்பிள் டிவி போன்றவை கம்பெனியிலிருந்து வெளியே வரும்போது 60 ஹெர்ட்ஸில்தான் வைக்கப்பட்டிருக்கும். 25-ஐ 60-க்குள் சமமாகப் பங்கு வைக்க முடியாது. சில ஃப்ரேம் இரண்டு தடவை காட்டப்படும், சில மூன்று தடவை. கேமரா நகரும் இடத்தில் அதுதான் நொண்டல். ஷீல்டில் கோடி (Kodi) என்ற வீடியோ பிளேயர் ஆப்பைப் பயன்படுத்தினால் 'டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட்டைப் படத்துக்கு ஏற்ப மாற்று' என்பதை இயக்குங்கள். ஆப்பிள் டிவியில் 'மேட்ச் ஃப்ரேம் ரேட்'. படம் தொடங்கும்போதும் முடியும்போதும் திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும். அது கோளாறு இல்லை, டிவி வேகம் மாற்றுகிறது. இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் கறுத்த அந்தக் கணத்தில் யாராவது ரிமோட்டை எடுத்து நாலு பட்டனை அமுக்கிவிடுவார்கள்.

டிடிஎச்சில் இந்தத் தொல்லை வராது. அது 50 ஹெர்ட்ஸில்தான் கொடுக்கும். ஸ்விட்சைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சின்னவளுடையது பழைய மாடல், 1080பி-க்கு மேல் போகாது, ரிசீவரில் மிச்சமிருந்த வாயில் செருகிவிட்டேன்.

கேபிளுக்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு மீட்டருக்குள் 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்று சான்று ஸ்டிக்கரும் க்யூஆர் குறியும் உள்ளதை பிஎஸ்5-க்குப் போடுங்கள், மற்றதற்கு 18 ஜிகாபிட் தாங்கும் சாதாரணக் கேபிள் போதும். தங்க முலாம் பூசியது, பாம்பு மாதிரித் தடித்தது என்று விற்பதற்கெல்லாம் படம் கூடுதலாக மின்னாது. தூரம் கூடும்போதுதான் யோசிக்க வேண்டும். புனலூரில் ஒரு புரொஜெக்டர் வீட்டில் அலமாரியிலிருந்து கூரை வரை 12 மீட்டர். அவ்வளவு தூரத்துக்குச் செம்புக் கம்பி உதவாது, ஆப்டிகல் எச்டிஎம்ஐதான். அதற்குத் திசை உண்டு: ஒரு முனையில் 'சோர்ஸ்', மறுமுனையில் 'டிஸ்ப்ளே' என்று எழுதியிருக்கும். அந்த வீட்டு எலக்ட்ரீஷியன் நான் போவதற்கு முன்பே அதைத் திருப்பிப் போட்டு இழுத்து, மேலே பூச்சுவேலையும் முடித்துவிட்டார். "சேட்டா, வயர்னா ரண்டு பக்கமும் ஒண்ணல்லே" (ஒன்றுதானே) என்று அவர் கேட்டபோது அவரைக் கோபிக்கவும் தோன்றவில்லை. நல்லவேளை குழாய் அகலமாக இருந்தது, உருவி மறுபடி இழுக்க முடிந்தது. எச்டிஎம்ஐ பிளக்கின் தலை ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் அகலம். வீடு கட்டும்போது லைட்டுக்குப் போடும் முக்கால் அங்குலக் குழாயில், அதுவும் வளைவில், அது நுழையாது. ஒன்றரை அங்குலக் குழாய் போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிறும் விட்டு வையுங்கள். கேபிளை இழுப்பதற்கு முன் தரையில் விரித்து இரு முனையும் செருகிப் படம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் குழாய்க்குள் விட வேண்டும்.

அலமாரி விஷயத்தில் ஆசாரியோடு நான் சண்டை போடாத வீடு குறைவு. தேக்கில் அழகாகச் செய்து, கண்ணாடிக் கதவு போட்டு, பின்னால் பலகை அடித்து மூடிவிடுவார். பிஎஸ்5 கேம் ஓடும்போது 200 வாட் பக்கம் தின்னும். ரிசீவர் தன் பங்குக்குக் கொதிக்கும். இரண்டையும் மூடிய பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கோடையில் அரைமணி நேரத்தில் ஒன்று தானாக அணையும். பின்பலகையை எடுத்துவிடச் சொல்லுங்கள். ரிசீவருக்கு மேலே நாலு விரற்கடையாவது காலியாக இருக்கட்டும், அதன் தலையில் எதையும் வைக்காதீர்கள். அப்புறம் பல்லி. வெதுவெதுப்பு தேடி ரிசீவரின் காற்றுத் துளைக்குள் நுழைந்து, போர்டில் குறுக்கே விழுந்து செத்து, அதோடு போர்டையும் கொண்டுபோன பல்லிகளை நான் பார்த்திருக்கிறேன். அலமாரியின் பின்திறப்பில் சன்னமான கொசுவலைக் கம்பி அடித்துவிட்டால் காற்றும் போகும், பல்லியும் வராது. வலையில் தூசி அடையும். அதை மட்டும் அவ்வப்போது தட்டிவிடுங்கள்.

சப்வூஃபரில் 'ம்ம்ம்' என்று ஓயாத முனகல் கேட்டால் பலரும் எர்த் பின்னைப் பிடுங்கிவிடுகிறார்கள். சத்தம் நிற்கும், உயிருக்கு ஆபத்து வரும். அதைச் செய்யாதீர்கள். கேபிள் டிவி வீடுகளில் முதலில் கேபிள்காரரின் வயரைச் செட்டாப் பெட்டியிலிருந்து கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் அந்த வயர் வழியாக இன்னொரு எர்த் வீட்டுக்குள் வருகிறது. அதற்கென்று கோஆக்சியல் ஐசொலேட்டர் கிடைக்கிறது, வயரின் நடுவில் போட்டால் போதும். டிஷ் வயரில் மட்டும் இதைப் போடக் கூடாது. மேலே டிஷ்ஷில் சிக்னலை வாங்கும் எல்என்பிக்கு மின்சாரம் அந்த வயர் வழியாகத்தான் போகிறது, ஐசொலேட்டர் அதை அறுத்துவிடும்.

இந்த மலையடிவாரத்தில் பெட்டிகளுக்கு உண்மையான எமன் இடிதான். ஜூன், ஜூலை சாரல் பாவம், ஒன்றும் செய்யாது. சித்திரை, வைகாசி கோடைமழையும் ஐப்பசி மழையும் மதியத்துக்கு மேல் இடியோடு வரும். மலைக்கு அந்தப் பக்கம் துலாவர்ஷ (ஐப்பசி மழை) இடி என்று பயந்தே இருப்பார்கள். தென்மலைப் பக்கம் ஒரு வீட்டில் பவர் பிளக்கையெல்லாம் பிடுங்கித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் மொட்டை மாடி டிஷ்ஷின் வயர் மட்டும் செட்டாப் பெட்டியில் செருகியபடியே இருந்தது. டிஷ் வயரில் ஏறியது பெட்டிக்குள் வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்குப் போய், ரிசீவரிலிருந்து டிவிக்கும் போயிருக்கிறது. எல்லாம் எரிந்து போகவில்லை. அதுதான் கொடுமை. எல்லாப் பெட்டியும் எழும், விளக்கு எரியும், எச்டிஎம்ஐ வாய்கள் மட்டும் செத்திருக்கும். கோத்து வைப்பதன் விலை இது: ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும்.

இதனால் நான் பொருத்தும் வீடுகளில் டிஷ் வயருக்குக் கைக்கெட்டும் இடத்தில் ஒரு இணைப்பு வைத்துவிடுகிறேன், அலமாரிக்குப் பின்னால் குனிந்து தேட வேண்டாம் என்று. லேன் வயர் வெளியிலிருந்து வருவதாக இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது, ஆனால் அந்த மோடத்தின் அடாப்டர் வழியாக ஏறும், அதையும் பிடுங்குங்கள். சர்ஜ் புரொடெக்டர் உள்ள பவர் ஸ்ட்ரிப் சின்னச் சின்ன அதிர்ச்சியைத் தாங்கும், எர்த் நன்றாக இருந்தால் மட்டும். அதற்குள் இருக்கும் பாகம் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேயும், அதன் காவல் விளக்கு அணைந்துவிட்டால் ஸ்ட்ரிப் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். பக்கத்தில் விழும் இடிக்கு அது ஈடுகொடுக்காது, பிடுங்கி வைப்பது ஒன்றே வழி. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் ஓரிரு வோல்ட்தான் காட்ட வேண்டும். பத்து, பதினைந்து என்று போனால் ஸ்பீக்கர் வாங்கும் பணத்தில் முதலில் எர்த் குழியைப் பாருங்கள்.

அத்தான் இப்போது புது ரிசீவர் வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்றேன். பிஎஸ்5 நேராக டிவிக்குப் போகும் வரை பழைய ரிசீவரால் ஒரு நஷ்டமும் இல்லை, சத்தம் முழுசாகத்தான் வருகிறது. பையன் எக்ஸ்பாக்ஸும் வேண்டும் என்று அடம்பிடித்து, 120 ஹெர்ட்ஸ் வாய் பற்றாமல் போனால் அப்போது யோசிக்கலாம். அப்படி வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 வாக்கில் வந்த முதல் எச்டிஎம்ஐ 2.1 ரிசீவர்கள் சிலவற்றில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 4கே 120-ஐக் கொடுத்தால் திரை கறுத்துவிடும் கோளாறு இருந்தது. உள்ளே இருந்த சிப்பே காரணம், சாஃப்ட்வேரில் சரிசெய்ய முடியாதது. செகண்ட் ஹேண்டில் மலிவாக வருவதில் அந்த வருஷத்துப் பெட்டிகளும் கலந்திருக்கும். தயாரித்த வருஷத்தைப் பாருங்கள், முடிந்தால் கன்சோலையே தூக்கிக்கொண்டு போய் விற்பவர் வீட்டில் செருகி, 120-இல் ஒரு கேமைப் பத்து நிமிஷமாவது ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.